பாகப்பிரிவினையும் நாட்குறிப்பும்: எகிப்தியல் அறிஞர்களின் தாள்களை வாசிப்பது எப்படி

1922 நவம்பர் 26. பண்டைய எகிப்திய மன்னர் துட்டன்காமுன் கல்லறையின் இரண்டாவது வாசலில் துளை போட்டு, மெழுகுவத்தியை உள்ளே நீட்டிப் பார்க்கிறார் அகழாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர். ஏதாவது தெரிகிறதா என்று பின்னால் நின்ற, அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னர்வன் பிரபு கேட்கிறார். கார்ட்டர் சொன்ன பதில் என்ன? 1923-இல் அச்சான புத்தகத்தில் ‘ஆம், அற்புதமான பொருள்கள்’ என்று இருக்கிறது. கார்ட்டரின் கையெழுத்துக் குறிப்பில் ‘ஆம், அற்புதமாக இருக்கிறது’ என்று இருக்கிறது. கார்னர்வன் அந்த டிசம்பரில் எழுதியதிலோ ‘இங்கே சில பிரமாதமான பொருள்கள் உள்ளன’ என்றிருக்கிறது. அங்கே நின்றவர்களே எழுதியும் வாசகம் மூன்றாகிவிட்டது.

இந்த வேறுபாட்டில் பெரிய மர்மம் ஏதுமில்லை. பேச்சை நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். ஆனால் அதே வாரத்தின் தாள்களில் இன்னொரு சொல்லும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கல்லறை கைபடாததா, ஏற்கெனவே கொள்ளைபோனதா என்பதைச் சொல்லும் சொல் அது. அந்த மாற்றம் நினைவுப் பிசகு என்று ஒதுக்கக்கூடியதல்ல. அதன் பின்னால் சட்டமும் பணமும் இருந்தன. எகிப்தில் தோண்டியவர்களின் கடிதங்களைக் கையில் எடுப்பவர், அவர்கள் எந்த உரிமத்தின் கீழ் தோண்டினார்கள் என்பதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் கிடைத்த பொருளைப் பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் அந்தப் பொருள் யாருக்குப் போகும் என்பதைத் தொட்ட வரி.

கார்னர்வன் 1915-இல் பெற்ற உரிமத்தில் மூன்று விதிகள் இங்கே முக்கியம். எட்டாவது விதிப்படி அரசர்கள், இளவரசர்கள், தலைமைப் பூசாரிகள் ஆகியோரின் மம்மிகளும் அவற்றின் பேழைகளும் எகிப்தின் தொல்பொருள் துறைக்கு. ஒன்பதாவது விதிப்படி, கைபடாமல் கிடைக்கும் கல்லறை அதிலுள்ள அனைத்துடனும் பங்கு பிரிக்காமல் அருங்காட்சியகத்துக்கு. பத்தாவது விதிதான் தோண்டுபவருக்குச் சாதகமானது: முன்பே யாரோ புகுந்து தேடிய கல்லறை என்றால், முதன்மையான பொருள்களைத் துறை எடுத்துக்கொண்டு, மீதியை உரிமம் பெற்றவருடன் பகிர்ந்துகொள்ளும்.

இப்போது தாள்களைப் பாருங்கள். நவம்பர் 6 அன்று கார்ட்டர் இங்கிலாந்துக்கு அனுப்பிய தந்தியில் ‘முத்திரைகள் சிதையாத மகத்தான கல்லறை’ என்கிறார். நவம்பர் 24-இல் படிகள் முழுவதும் சுத்தமானபோது, முதல் வாசலின் ஒரு பகுதி பழங்காலத்திலேயே உடைக்கப்பட்டுத் திரும்ப அடைக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. நவம்பர் 28-இல் கார்னர்வன் எகிப்திய மொழி அறிஞர் ஆலன் கார்டினருக்கு எழுதிய கடிதத்தில், இது ஓரளவு கொள்ளையிடப்பட்ட இடம், பிறகு அதிகாரிகள் மூடிவிட்டார்கள் என்கிறார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மாடியிலுள்ள எகிப்தியப் பிரிவு முழுவதையும் நிரப்பும் அளவுக்குப் பொருள் இருக்கிறது என்றும் சேர்க்கிறார். கொள்ளை நடந்தது உண்மை. சுவரும் சிதறிய பொருள்களும் அதைக் காட்டுகின்றன. ஆனால் அதைச் சொன்னவருக்கு அந்த உண்மையால் ஆதாயம் இருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சமயத்தில் துறையின் தலைவராக இருந்த பியேர் லக்கோ பங்கு முறையையே இறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லாப் பொருளும் எகிப்திலேயே தங்கின. செலவுக்கு ஈடாக 1930-இல் கார்னர்வன் குடும்பத்துக்குச் சுமார் 36,000 பவுண்டு கொடுக்கப்பட்டது.

சவ அறை விஷயத்தில் தாள்கள் இன்னும் கூர்மையாக ஒன்றோடொன்று மோதுகின்றன. 1923 பிப்ரவரி மத்தியில்தான் அந்த அறையின் சுவர் அதிகாரபூர்வமாக உடைக்கப்பட்டது. சுவரின் அடியில் திருடர்கள் போட்ட துளையைப் பண்டைய இடுகாட்டு அதிகாரிகளே அடைத்துவிட்டதாகக் கார்ட்டரின் புத்தகம் சொல்கிறது. கார்ட்டருடன் வேலை செய்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூக்கஸ் 1942-இலும் 1947-இலும் தொல்பொருள் துறையின் ஆண்டிதழில் இதை மறுத்தார்: அந்தத் துளையை மூடியவர் கார்ட்டரேதான். கார்னர்வனின் சகோதரர் மெர்வின் ஹெர்பர்ட்டின் நாட்குறிப்பு ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஆன்டனி கல்லூரியில் இருக்கிறது. முன்பே உள்ளே போய் வந்ததை, திறப்பு விழாவுக்குப் போகும் வழியில் கார்னர்வன் ஒப்புக்கொண்டதாக அதில் இருக்கிறது. குழுவின் புகைப்படக்காரர் ஹாரி பர்ட்டன் எடுத்த படத்தில் அதே இடத்தில் ஒரு கூடை மூடியும் நாணலும் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்று சான்றும் மூன்று வெவ்வேறு கையிலிருந்து வந்தவை. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்படவில்லை. இப்படிச் சேரும்போதுதான் ஒரு செய்தியை உறுதி என்று சொல்லலாம். லூக்கஸின் கட்டுரை ஒன்றுதான் கிடைத்திருந்தால், பழைய சக ஊழியரின் மனக்கசப்பு என்று சிலர் ஒதுக்கியிருப்பார்கள்.

தாள்களுக்குள்ளும் அடுக்கு இருக்கிறது. கார்ட்டரின் துட்டன்காமுன் பதிவுகள் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள கிரிஃபித் நிறுவனத்தில் இருக்கின்றன. அவர் 1939 மார்ச் 2-இல் இறந்தபின், சகோதரி மகள் ஃபிலிஸ் வாக்கர் அவற்றை அங்கே ஒப்படைத்தார். பைக்குள் வைக்கும் சிறு நாட்குறிப்பு அன்றன்றே எழுதியது. ஒரு நாளுக்கு ஒரு வரி, இரண்டு வரி. 1922 நவம்பர் 4-க்கு எதிரே ‘கல்லறையின் முதல் படிகள் கிடைத்தன’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. நீண்ட குறிப்பேடு பிறகு உட்கார்ந்து விரித்து எழுதியது. உரையாடல்கள் அங்கேதான் முளைக்கின்றன. பொருள் அட்டைகள் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவை. புத்தகம் வாசகருக்காக எழுதியது. நாளைத் தெரிந்துகொள்ளச் சிறு நாட்குறிப்பு, அளவுக்கும் நிலைக்கும் அட்டை, மனநிலைக்குக் கடிதம் என்று போவதுதான் முறை. குறிப்பேட்டிலிருந்து மட்டும் மேற்கோள் எடுத்து ‘கார்ட்டர் அன்று எழுதினார்’ என்று முடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

அட்டைகளின் எடை இன்னொரு காரணத்தால் கூடுகிறது. கார்ட்டர் முழுமையான அறிவியல் அறிக்கை எழுதவே இல்லை. 1923, 1927, 1933 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று தொகுதிகளும் பொது வாசகருக்கானவை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அட்டையும் புகைப்படமும்தான் அறிக்கை. அவற்றுக்கான கைப்பட்டியல் 1963-இல்தான் அச்சானது. இணையத்தில் ஏற்றும் வேலை 1995-இல் தொடங்கி, இன்று எவரும் வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது.

அட்டையைப் படிக்க எண் முறை தெரிய வேண்டும். மொத்தம் 620 எண்கள். 4 முதல் வாசல், 5 முதல் 12 வரை இறங்குவழி, 13 இரண்டாவது வாசல், 14 முதல் 170 வரை பெரும்பாலும் முன்னறை, 172 முதல் 260 வரை சவ அறை, 261 முதல் 336 வரை கருவூல அறை, 337 முதல் 620 வரை பக்க அறை. எண் வரிசை என்பது கண்டுபிடித்த வரிசை அல்ல, காலிசெய்த வரிசை. பக்க அறையை 1922 நவம்பரிலேயே எட்டிப் பார்த்துவிட்டார்கள். ஆனால் அதைக் காலிசெய்தது 1927-28 பருவத்தில். அதனால்தான் அதற்குக் கடைசி எண்கள்.

ஓர் எண்ணுக்குள் பல பொருள் இருந்தால் ஆங்கில எழுத்து சேரும். மன்னரின் மம்மிக்கு எண் 256. தங்க முகமூடி 256 ஏ, வலது தொடையை ஒட்டி இருந்த இரும்புக் குத்துவாள் 256 கே, தங்கக் குத்துவாள் 256 டிடி. எழுத்துகள் தீர்ந்ததும் இரட்டை, மும்மடங்கு என்று போய், பிறகு எத்தனை முறை என்பதையே எண்ணாக எழுதினார்கள்: தலையில் இருந்த நெற்றிப்பட்டத்தின் குறி 256,4 ஓ. இங்கே 4 என்பது ‘ஓ’ என்ற எழுத்து நான்கு முறை வருகிறது என்பதைக் காட்டும். இதை அறியாமல் ‘நான்காவது பொருள்’ என்று மொழிபெயர்த்தால் பொருளே மாறிவிடும்.

அட்டையில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு அருங்காட்சியகத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது. கெய்ரோ அருங்காட்சியகத்தின் வரவுப் பதிவேட்டில் (சுருக்கமாக ஜேஈ) அதே பொருளுக்கு வேறு எண். முகமூடி ஜேஈ 60672, தங்க அரியணை கார்ட்டரிடம் 91, கெய்ரோவில் ஜேஈ 62028. வேட்டைக் காட்சி தீட்டிய பெட்டி 21, அங்கே ஜேஈ 61467. இவை போதாதென்று காட்சி எண் தனி, கிசாவிலுள்ள புதிய பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனபோது வந்த எண் தனி. பர்ட்டனின் கண்ணாடித் தகடுகளோ ஆக்ஸ்ஃபோர்டுக்கும் நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்கும் பிரிந்து போய், இரு இடத்திலும் வேறு வேறு எண் பெற்றன. ஆக, வேலையின் முதல் நாள் செய்ய வேண்டியது ஒத்திசைவுப் பட்டியல் தயாரிப்பது: ஒரு வரிசையில் அகழாய்வு எண், வரவு எண், காட்சி எண், படத் தகடு எண். அது இல்லாமல் கடிதம் படிக்கத் தொடங்கினால் ‘அந்தப் பெட்டி’ எந்தப் பெட்டி என்பதே தெரியாது.

அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். லூக்கஸ் எந்தப் பொருளுக்கு உருக்கிய பாரஃபின் மெழுகு ஊற்றினார், எதற்குச் செல்லுலாய்டு கரைசல் பூசினார் என்பது இப்படிப்பட்ட ஓரக் குறிப்புகளில்தான் இருக்கிறது. இன்று அதே மணிவேலையையோ தோலையோ சுத்தம் செய்யும் பாதுகாப்பாளருக்கு, எந்தக் கரைப்பானைத் தொடலாம் என்று தீர்மானிக்க அந்த ஒரு வரி தேவை.

எண் 8 தனிக்கதை. தாமரையிலிருந்து எழும் இளம் மன்னரின் மரத்தலை அது. 1924 பிப்ரவரியில் அரசுடன் தகராறு முற்றிக் கார்ட்டர் கல்லறையைப் பூட்டிவிட்டுப் போனார். பிறகு வந்த அரசுக் குழு, பண்டகமாகப் பயன்பட்ட பக்கத்துக் கல்லறையில் ஒரு மதுப்பெட்டிக்குள் அந்தத் தலையைக் கண்டது. இறங்குவழியின் இடிபாட்டில் கிடைத்தது, பதிவு செய்ய நேரமில்லை என்று கார்ட்டர் தரப்பு விளக்கியது. இறங்குவழியின் எண்களுக்குள் அது இன்று சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 1923 தொகுதியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவ்வளவு அழகான பொருளைப் புத்தகம் எழுதுபவர் மறப்பது கடினம். எண் வரிசை ஒழுங்காக இருப்பதாலேயே பதிவு அன்றே நடந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

2022-இல் வெளிச்சத்துக்கு வந்த ஒரு கடிதத்தையும் இதனோடு வைக்க வேண்டும். கார்டினர் 1934-இல் கார்ட்டருக்கு எழுதியது. கார்ட்டர் தமக்குக் கொடுத்த ஒரு தாயத்தைக் கெய்ரோ அருங்காட்சியகத்தின் ரெக்ஸ் எங்கல்பாக்கிடம் காட்டியதாகவும், கல்லறையில் கிடைத்த மற்றவற்றோடு அது ஒரே அச்சில் வார்த்தது என்று அவர் கண்டுபிடித்துவிட்டதாகவும், தம்மை இந்தச் சங்கடத்தில் மாட்டிவிட்டதற்கு வருந்துவதாகவும் கார்டினர் எழுதுகிறார். யாரிடமிருந்து வந்தது என்பதை எங்கல்பாக்கிடம் சொல்லவில்லை என்றும் சேர்க்கிறார். இந்தத் தாள் நிறுவனக் காப்பகத்தில் இல்லாமல் தனியார் கையில் இருந்தது. குடும்பமோ மாணவரோ காப்பகத்துக்கு ஒப்படைக்கும் முன் கட்டுகளைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம்தான். காப்பகத்தில் ஒரு விஷயம் இல்லை என்றால் அது நடக்கவில்லை என்று பொருளல்ல.

ஜெர்மன் தரப்பிலும் இதே பங்குக் கணக்குதான். லுட்விக் போர்ஹார்ட் 1912 டிசம்பர் 6 அன்று அமர்னாவில் நெஃபர்டிட்டி சிலையை எடுத்தபோது நாட்குறிப்பில், விவரிப்பது வீண், பார்க்கத்தான் வேண்டும் என்று எழுதினார். 1913 ஜனவரி 20-இல் கெய்ரோவிலிருந்து வந்த தொல்பொருள் துறை அதிகாரி குஸ்தாவ் லெஃபெவ்ருடன் பாகப்பிரிவினை நடந்தது. சிலை ஜெர்மன் பங்கில் போயிற்று. அன்று உடனிருந்த ஜெர்மன் ஓரியண்ட் சங்கத்தின் செயலர் 1924-இல் எழுதிய குறிப்பு 2009-இல் பத்திரிகையில் வந்தது. சுண்ணாம்புக்கல் சிலையை ஜிப்சம் என்று காட்டி, சிலையைத் தங்கள் பக்கம் தக்கவைக்க போர்ஹார்ட் விரும்பினார் என்பது அதன் சாரம். இங்கே தேதியைக் கவனிக்க வேண்டும். சிலை பெர்லினில் பொதுமக்கள் பார்வைக்கு வந்து, எகிப்து திரும்பக் கேட்கத் தொடங்கிய காலத்தில், நிகழ்ச்சிக்குப் பதினோரு ஆண்டு கழித்து எழுதியது அது. பங்குப் பட்டியல் அன்றே எழுதி இரு தரப்பும் ஏற்றது. இரண்டில் எது சொல்வது உண்மை என்று ஒரே அடியில் தீர்ப்பளிக்க முடியாது. ஆனால் எதை எதற்கு எதிராக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தெளிவு.

பாகப்பிரிவினையின் நீண்ட விளைவு, பொருள்கள் சிதறியதுதான். அமீலியா எட்வர்ட்ஸ் 1882-இல் தொடங்கிய எகிப்து அகழாய்வு நிதி என்ற அமைப்பும், ஆங்கிலேய அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியும், தங்கள் பங்கில் வந்ததை நன்கொடை தந்த ஊர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள். ஒரே கல்லறையின் பானை ஒரு நாட்டில், மணிமாலை வேறு கண்டத்தில். அவற்றை மறுபடி சேர்க்க உதவும் கயிறு விநியோகப் பட்டியல்களும் பொருளின் மேல் மையால் எழுதிய குறிகளும்தான். பட்டியல்களில் பெரும்பாலும் ‘பானைகள், 12’ என்ற அளவில்தான் இருக்கும். எந்தக் கல்லறை என்று இருக்காது. பானையின் மேல் எண் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. அருங்காட்சியகத்தில் யாராவது பானையைக் கழுவியிருந்தால் எண்ணும் போயிருக்கும். அல்லது அதன் மேலேயே தங்கள் வரவு எண்ணை எழுதியிருப்பார்கள். எனவே பட்டியலில் ஆண்டு, குறியில் எண், குறிப்பேட்டில் அந்த ஆண்டின் ஊர், வரைந்த பானை வடிவம் என நான்கும் ஒத்துவந்தால்தான் இணைப்பு நிற்கும்.

மேல் எகிப்திலுள்ள நக்காதாவில் இதன் பயன் தெரிந்தது. பெட்ரி 1894-95-இல் அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளைத் திறந்தார். 1896-இல் வந்த நூலில் அவற்றில் சிறு பகுதிதான் விவரமாக இருக்கிறது. அங்கே புதைந்திருந்தவர்களை வெளியிலிருந்து வந்த ‘புதிய இனம்’ என்று அவர் அதில் சொன்னார். மன்னர் காலத்துக்கு முந்தைய எகிப்தியர் என்பதை ழாக் த மோர்கன் காட்டிய பிறகே அந்தக் கருத்து விழுந்தது. எலிஸ் பௌம்கார்ட்டல் 1970-இல் பெட்ரியின் குறிப்பேடுகளையும் பொருள்களின் மேல் இருந்த எண்களையும் வைத்து, எந்தக் குழியில் என்ன கிடைத்தது என்ற பட்டியலைத் தயாரித்தார். நூல் தவறிய இடத்தில் அழுக்கான பென்சில் குறிப்பு காப்பாற்றிய இடம் அது.

பெட்ரியின் தாள்களுக்கே பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. வீட்டுக்கு எழுதி நண்பர்களிடம் சுற்றவிட்ட நீண்ட நாட்கடிதங்கள் கிரிஃபித் நிறுவனத்தில் உள்ளன. குறிப்பேடுகளும் கல்லறை அட்டைகளும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் பெட்ரி அருங்காட்சியகத்தில், அகழாய்வு நிதியோடு நடந்த கடிதப் போக்குவரத்து, அந்த அமைப்பின் இன்றைய வடிவமான எகிப்து ஆய்வுச் சங்கத்தில். ஓர் இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு ‘பெட்ரி இதைப் பற்றி எழுதவில்லை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மற்ற இரண்டு கதவையும் தட்டாதவர்கள்.

எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக்காட்டிய பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியனின் தாள்களுக்கு இதைவிட மோசமான கதி. அவர் 1832 மார்ச் 4-இல் இறந்தார்; அடுத்த ஆண்டு பிரெஞ்சு அரசு 50,000 ஃபிராங்குக்குக் கையெழுத்துப் பிரதிகளை வாங்கியது. கணக்குப் பார்த்தபோது பல கட்டுகளைக் காணவில்லை. அவரிடம் படித்த ஃபிரான்செஸ்கோ சால்வோலினி எடுத்துச் சென்று, தம் ஆய்வு போல வெளியிட்டுக்கொண்டிருந்தார். 1838-இல் சால்வோலினி இறந்து, அவர் வீட்டுத் தாள்கள் விலைக்கு வந்தபோது, ஷம்போலியனின் அண்ணன் அவற்றில் தம் தம்பியின் கையெழுத்தை அடையாளம் கண்டார். இன்று அவை பாரிஸின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்தப் பத்தாண்டின் பிரெஞ்சு எகிப்தியல் நூல்களில் சால்வோலினி பெயரில் ஏதாவது படித்தால், கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிடாமல் அவருக்குப் பெருமை தர வேண்டாம்.

பங்கைப் பற்றிக் கவலைப்படாமல் வரைந்துகொண்டே போனவர்களும் உண்டு. 1820, 30-களில் எகிப்தில் இருந்த ஜேம்ஸ் பர்ட்டனின் 63 தொகுதிகளும் ராபர்ட் ஹேயின் 49 தொகுதிகளும் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. இந்தப் பர்ட்டன் வேறு, கார்ட்டரின் புகைப்படக்காரர் வேறு. தேடுபொறியில் இருவரும் கலந்துதான் வருவார்கள். அரசர் பள்ளத்தாக்கில் ஐந்தாம் எண் கல்லறைக்குள் 1825-இல் ஜேம்ஸ் பர்ட்டன் தவழ்ந்து போய் வரைபடம் போட்டார். பிறகு வாசல் மண்ணில் மறைந்தது. கார்ட்டரே 1902-இல் அங்கே சற்றுத் தோண்டிவிட்டு, பிரயோசனமில்லை என்று விட்டார். கென்ட் வீக்ஸ் குழு 1987-இல் வாசலைத் திரும்பக் கண்டது. அவர்கள் கையில் பர்ட்டனின் வரைபடம் இருந்தது. 1995-இல் அதற்கும் அப்பால் நடைபாதைகள் திறந்தன: இரண்டாம் ராம்சேஸின் மகன்களுக்கான, 120-க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட கல்லறை.

இந்தக் காலத்துத் தாள்களில் கல்லறை எண்களை நம்பவே கூடாது. ஜான் கார்ட்னர் வில்கின்சன் 1827-இல் 1 முதல் 21 வரை இட்ட எண்கள்தான் நிலைத்தன. ஷம்போலியன், ஜெர்மன் அறிஞர் லெப்சியஸ் ஆகியோர் தனித்தனி எண் வைத்திருந்தார்கள். பதினோராம் எண் கல்லறை ‘புரூஸ் கல்லறை’ என்றும் ‘யாழ்வாசிப்போர் கல்லறை’ என்றும் வரும். பதினேழாம் எண் ‘பெல்ஸோனி கல்லறை’. கடிதத்தில் வெறும் எண் இருந்தால், எழுதியவர் யாருடைய எண் முறையில் பழகியவர் என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

தேதியும் அப்படித்தான். அகழாய்வுப் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தத்தில் முடியும். ‘1922-ஆம் ஆண்டுப் பருவம்’ என்றால் பாதி நாட்கள் 1923-இல் இருக்கும். 1/2/24 என்று எழுதியவர் ஆங்கிலேயர் என்றால் பிப்ரவரி 1, அமெரிக்கர் என்றால் ஜனவரி 2. கார்ட்டர் குழுவில் இரு நாட்டவரும் இருந்தார்கள். வாரநாள் எழுதப்பட்டிருந்தால் நாட்காட்டியோடு சரிபார்ப்பதே விரைவான வழி.

தாளின் உடல்நிலையும் வாசிப்பைத் தீர்மானிக்கிறது. அந்தக் கால அலுவலகங்கள் அனுப்பிய கடிதத்தின் நகலை ஈரமாக்கிய மெல்லிய தாளில் அழுத்தி எடுத்து, கட்டுப் புத்தகமாக வைத்தன. மை தாளின் பின்பக்கத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதியும். தாள் வழியே ஊடுருவி வருவதை முன்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ஸ்கேன் எடுப்பவர் பின்னால் வெள்ளைத் தாள் செருகாவிட்டால் அடுத்த பக்க எழுத்தும் சேர்ந்து தெரியும். ஊதா நிற நகல் பென்சில் எழுத்து ஈரம் பட்டால் கரைந்து பரவும். இரும்புச்சத்து மை தாளையே அரித்து, எழுத்தின் வடிவத்தில் ஓட்டை போடும். அத்தகைய பக்கத்தை மடக்கக் கூடாது. நைட்ரேட் படச்சுருள் தானே தீப்பற்றும் தன்மை கொண்டது, ஆகவே தனிக் குளிர்க்கிடங்கில்தான் வைப்பார்கள். ‘தாமதமாகும்’ என்று காப்பகம் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான். புடைப்புச் சிற்பத்தின் மேல் ஈரத்தாளை வைத்துத் தூரிகையால் அடித்து எடுத்த அச்சுகளை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். சிற்பத்தின் நிறத்தையே உரித்துக்கொண்டு வந்தவையும் உண்டு. அங்கே தாள் காப்பாற்றிய நிறம் சுவரில் இல்லை.

மேற்கோள் குறிக்கும்போது நிறுவனம், தொகுப்பு, பெட்டி அல்லது தொகுதி, தாள் எண், முன்பக்கமா பின்பக்கமா என்ற வரிசை வேண்டும். இணைய முகவரி மட்டும் போதாது. தளங்கள் மாறும்போது முகவரிகள் செத்துப்போகின்றன. அச்சிட நினைப்பவர்கள் பதிப்புரிமையையும் பார்க்க வேண்டும். தாள் காப்பகத்துக்குச் சொந்தம் என்பதால் எழுத்தின் உரிமையும் அதற்கே என்றாகாது. பிரிட்டனில் 1969-க்கு முன் இறந்தவர் எழுதி, 1989 ஆகஸ்ட் 1 வரை வெளியிடப்படாமல் இருந்த எழுத்துக்கு 2039 முடிவு வரை பாதுகாப்பு உண்டு. 1939-இல் இறந்த ஒருவரின் அச்சேறாத கடிதத்துக்கு இன்னமும் அனுமதி கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

இந்தத் தாள்களில் எகிப்தியர்களின் பெயரைத் தேடுபவர் கடிதங்களை விட்டுவிட்டுக் கணக்குப் பக்கங்களுக்குப் போக வேண்டும். கார்ட்டரின் புத்தகம் நான்கு மேஸ்திரிகளுக்குப் பெயர் சொல்லி நன்றி கூறுகிறது: அகமது கெரிகார், காத் ஹசன், ஹுசைன் அபு அவாத், ஹுசைன் அகமது சயித். அட்டைகளில் பொருளை எடுத்த கை யாருடையது என்று தெரியாது. பெட்ரி வேறு வகை. கண்டெடுத்ததை வியாபாரியிடம் கொண்டுபோய் விற்காமல் இருக்க, அதற்கு ஈடான பக்‌ஷீஸை (சன்மானத்தை) தொழிலாளிக்கே கொடுத்தார். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்ற வரிகள் குறிப்பேட்டில் இருக்கின்றன. பெயரையும் பொருளையும் ஒரே வரியில் கட்டும் அரிய சான்று இது.

அமெரிக்க அகழாய்வாளர் ஜார்ஜ் ரைஸ்னரின் ஹார்வர்ட்-பாஸ்டன் குழுவில் நிலைமை இன்னும் மேல். அவரிடம் வேலை செய்த குஃப்த் ஊர் மேஸ்திரிகள் 1913 முதல் 1947 வரை அரபியிலேயே அகழாய்வு நாட்குறிப்பு எழுதினார்கள். அவை குடும்பத்தாரிடம் குஃப்திலேயே இருந்து, பிறகு ஹார்வர்டுக்கு வந்து சேர்ந்தன. ரைஸ்னர் கிசாவில் இல்லாத நாட்களுக்கு இவற்றின் மதிப்பு மிக அதிகம். 1925 பிப்ரவரியில் அரசி ஹெதெஃபெரெஸின் ரகசிய அறைக்கான வழியின் முதல் அடையாளம் புகைப்படக்காரர் முகமதானி இப்ராஹிம் கண்ணில் பட்டபோது ரைஸ்னர் அமெரிக்காவில் இருந்தார். அந்தச் சிறு அறையைக் காலிசெய்ய 1,701 பக்கக் குறிப்பும் 1,057 படங்களும் ஆயின. மரம் எல்லாம் தூளாகிவிட்டிருந்தது. தரையில் தங்கத் தகடும் பதிகற்களும் எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து, எதன் மேல் எது கிடந்தது என்பதே மிச்சம். அந்தப் பக்கங்களை வைத்துத்தான் ஹார்வர்ட் குழு ஒரு நாற்காலியைத் தேவதாரு மரத்திலும் தங்கத் தகட்டிலும் மறுபடி செய்து 2016-இல் காட்சிக்கு வைத்தது. பதிவில் ஒரு பதிகல்லின் திசை தவறியிருந்தாலும் நாற்காலியின் கைப்பிடிச் சித்திரம் கூடியிருக்காது.